மதியம் தண்ணி மாத்தினேன், ஆறு ஏஞ்சல் மீன் போச்சு: சூடு பார்ப்பது எப்படி, எடுத்த தண்ணிய என்ன செய்யலாம்?

பெரம்பூர்_தொட்டி
மே 11, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். நேத்து எங்க வீட்டுத் தொட்டியில ஆறு ஏஞ்சல் செத்துப்போச்சு. ஒரு ரூபாய் காசு அளவுல வாங்கிட்டு வந்து பதினாலு மாசம் வளர்த்தது. அதுல ரெண்டு ஜோடி சேர்ந்து, முட்டை வைக்க ஒரு இலையைச் சுத்தம் பண்ணிக்கிட்டு இருந்துச்சு. என் பொண்ணு நேத்துலேர்ந்து தொட்டி இருக்கிற ரூமுக்கே போகல.

நடந்ததை அப்படியே சொல்றேன். மூணு அடி தொட்டி, சுமார் 100 லிட்டர். ரெண்டு மாசமா வேலை ஜாஸ்தி. தண்ணி மாத்தவே இல்ல, குறையுற அளவுக்குக் கேன் தண்ணி மட்டும் ஊத்திக்கிட்டு வந்தேன். நேத்து லீவு. மதியம் ரெண்டரைக்குப் பாதித் தண்ணிய எடுத்துட்டு, பாத்ரூம் குழாயில ட்யூப் மாட்டி நேரா தொட்டிக்குள்ள விட்டேன். பத்து நிமிஷத்துல நிரம்பிடுச்சு. நிரம்பும்போதே எல்லா மீனும் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுச்சு. அஞ்சு மணிக்குள்ள ஆறும் போச்சு. நாலு பிளாக் மோலி மட்டும் எதுவும் ஆகாம இருக்கு.

கடையில கேட்டேன், குளோரின்தான்னு சொல்லி ஆன்டி குளோரின் பாட்டில் கொடுத்தாங்க. ஆனா எங்க வீட்டுக் குழாயில வர்றது போர் தண்ணி. அப்புறம் எங்க தப்பு?

இன்னொரு விஷயம். எடுத்த தண்ணி ஒரு பக்கெட் தவிர எல்லாம் சாக்கடைக்குப் போச்சு. குடிக்க, சமைக்க கேன் வாங்குற வீடு இது. இவ்வளவு தண்ணிய கொட்டுறது சரியான்னு மனைவி கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்ல.


கறுப்பு மோலி
மே 11, இரவு 10:15

ரொம்ப வருத்தமா இருக்கு நண்பா. போர் தண்ணின்னா குளோரின் இல்ல. ஒரே ஒரு கேள்வி: அந்தத் தண்ணி மாடி டேங்க்லேர்ந்து வருதா? டேங்க் என்ன கலர்?


பெரம்பூர்_தொட்டி
மே 11, இரவு 10:22

ஆமா, மொட்டை மாடி டேங்க். கறுப்பு. குழாய் மேற்குச் சுவத்து வெளிப்பக்கமா இறங்குது.


கொளத்தூர்_பழையவன்
மே 12, காலை 5:50

தம்பி, முதல்ல பொண்ணுகிட்ட சொல்லுங்க, இது அப்பா வேணும்னு செஞ்சதில்லன்னு. முப்பது வருஷமா மீன் வளர்க்கிற ஆளு சொல்றேன், இந்தத் தப்பை நானும் செஞ்சு ஒரு தொட்டி முழுக்க கப்பி இழந்திருக்கேன்.

மே மாசம் மதியம் மொட்டை மாடி டேங்க் தண்ணியில கை வச்சுப் பாருங்க. குளிக்கவே சுடும். மேற்குச் சுவத்துக் குழாயில நிக்கிற முதல் ரெண்டு பக்கெட் அதைவிடச் சூடு. அதை நீங்க நேரா மீன் தலையில விட்டிருக்கீங்க. மீனுக்கு உடம்புச் சூடுன்னு தனியா ஒண்ணு கிடையாது, தண்ணி என்னவோ அதுதான் அதோட உடம்பு. ஒரு நாள்ல ரெண்டு டிகிரி ஏறினா சமாளிக்கும். பத்து நிமிஷத்துல அஞ்சு டிகிரின்னா எப்படித் தாங்கும்?

மோலி ஏன் பிழைச்சதுன்னா, அது கடினத் தண்ணிக்கும் சூட்டுக்கும் பழகின ஜாதி. ஏஞ்சல் அமேசான் பக்கத்து மீன், 24லேர்ந்து 28 வரைக்கும்தான் அதுக்கு நிம்மதி. சென்னை வெயில்ல 30ல இருக்கிறதே அது நமக்காகப் பொறுத்துக்கிறது.

இன்னைக்கு ஒரு வேலை பண்ணுங்க. ஒரு தெர்மாமீட்டர் எடுத்து, காலை ஆறு மணிக்கு, மதியம் ரெண்டரைக்கு, ராத்திரி பத்துக்கு, மூணு வேளையும் குழாய்த் தண்ணிய அளந்து இங்க போடுங்க. நாம எல்லாரும் தெர்மாமீட்டரைத் தொட்டிக்குள்ள ஒட்டி வச்சுட்டு அதையே பார்த்துக்கிட்டு இருக்கோம். அது இருக்க வேண்டிய இடம் வாளி.


ஆய்வுக்கூடம்_திருச்சி
மே 12, காலை 8:05

பெரியவர் சொன்ன சூடு முக்கியக் காரணம்தான். அதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். ரெண்டு மாதம் தண்ணீர் மாற்றவில்லை, கேன் தண்ணீர் மட்டும் ஊற்றினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் என்னை உறுத்துகிறது.

கேன் தண்ணீர் ஆர்.ஓ. தண்ணீர். அதில் காரத்தன்மை (அமிலத்தை ஈடுகட்டும் சக்தி) மிகக் குறைவு. தொட்டியில் நுண்ணுயிர்கள், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது தண்ணீரில் இருக்கும் காரத்தன்மையைத் தின்றுகொண்டே போகும். அதை ஈடுகட்ட எதுவும் வராததால் பிஎச் (அமில, கார அளவு; குறைந்தால் அமிலம்) மெல்ல இறங்கும். 6.5க்குக் கீழே போனால் அந்த நுண்ணுயிர்களே மந்தமாகிவிடும், அம்மோனியா சேரத் தொடங்கும். ஆனாலும் மீனுக்கு எதுவும் ஆகாது. அமிலத் தண்ணீரில் அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியம் என்ற, அதிகம் கெடுதல் இல்லாத வடிவத்தில் இருக்கும். பிஎச் 6.5, 30 டிகிரியில் 0.25 சதவீதம்தான் விஷ வடிவம்.

இப்போது அதே தொட்டியில் காரமான, சூடான போர் தண்ணீர் பாதி ஏறுகிறது. பிஎச் 7.8, 35 டிகிரி என்று வைத்துக்கொண்டால் விஷப் பங்கு நூற்றுக்கு ஆறரை வரை போகும். பாதித் தண்ணீரை எடுத்ததால் மொத்த அம்மோனியா பாதியாகியிருக்கும், உண்மை. ஆனாலும் விஷம் பன்னிரண்டு, பதின்மூன்று மடங்கு கூடியிருக்கும். அதே நிமிடத்தில் ஆக்சிஜனும் குறைகிறது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்து வைக்கும், 35 டிகிரியில் 7 மில்லிகிராம்கூடத் தேறாது. சூட்டில் மீனுக்குத் தேவையோ அதிகம். மேலே வந்து வாயைத் திறந்து மூடியது அதனால்தான்.

மீதமிருக்கும் அந்த ஒரு பக்கெட் பழைய தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டி கிடைத்தால் பிஎச், அம்மோனியா இரண்டும் பாருங்கள்.


பெரம்பூர்_தொட்டி
மே 13, இரவு 8:30

அளந்துட்டேன்.

குழாய்: காலை ஆறுக்கு 29.5. மதியம் ரெண்டரைக்கு முதல் பக்கெட் 43, நாலாவது பக்கெட்லேர்ந்து 40. ராத்திரி பத்துக்கு 34. கீழ சம்ப்லேர்ந்து நேரா எடுத்தா எந்த நேரமும் 29.

பால்கனியில இருந்த பழைய தண்ணி: பிஎச் 6.4, அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம். குழாய்த் தண்ணி பிஎச் 8.

திருச்சி சார் சொன்னதை எழுத்துக்கு எழுத்து என் பக்கெட்ல பார்த்தேன். கேன் தண்ணி ஊத்தினா மீனுக்கு நல்லதுன்னு நெனச்சுதான் காசு கொடுத்து வாங்கி ஊத்தினேன்.


ஆய்வுக்கூடம்_திருச்சி
மே 13, இரவு 9:10

அளந்து போட்டதற்கு நன்றி. பாதிக்குப் பாதி 30ம் 40ம் சேர்ந்தால் 35. கணக்கு எளிது: பழைய லிட்டரை அதன் டிகிரியால் பெருக்கு, புதிய லிட்டரை அதன் டிகிரியால் பெருக்கு, கூட்டி, மொத்த லிட்டரால் வகு. அதே 40 டிகிரித் தண்ணீரை 20 லிட்டர் மட்டும் மாற்றியிருந்தால் தொட்டி 32ல் நின்றிருக்கும். 10 லிட்டர் என்றால் 31. அம்மோனியா 2 என்பதில் விஷ வடிவம் முன்பு 0.004 இருந்திருக்கும், மாற்றிய பின் 0.06ஐத் தாண்டியிருக்கும். மீன் வளர்ப்பில் 0.02க்கு மேல் போனாலே கவலைப்படுவது வழக்கம்.

இனி பல நாள் மாற்றாமல் விட்ட தொட்டி என்றால், ஒரே நாளில் பாதியை எடுக்காதீர்கள். தினம் 10 லிட்டராக ஒரு வாரம் மாற்றினால் பிஎச் மெல்ல ஏறும், அதற்குள் அம்மோனியாவும் வெளியேறிவிடும்.


குன்னூர்க் குளிர்
மே 14, காலை 7:20

எங்க ஊர்ல இதே கதை தலைகீழா நடக்கும். ஜனவரியில குழாய்த் தண்ணி 14 டிகிரி, தொட்டி ஹீட்டர் போட்டு 26. கால்வாசி மாத்தினா தொட்டி 23க்கு இறங்கிடும். ரெண்டு வருஷம் முன்னாடி அப்படி மாத்தி, நாலாம் நாள் நியான் டெட்ரா உடம்பெல்லாம் உப்புத் தூவின மாதிரி வெள்ளைப்புள்ளி. குளிர் பட்டா மீனோட எதிர்ப்பு சக்தி குறையும், அந்த ஒட்டுண்ணி காத்துக்கிட்டு இருந்த மாதிரி பிடிச்சுக்கும்.

இப்ப நான் செய்யறது: 9 லிட்டர் குழாய்த் தண்ணிக்கு ஒன்றரை லிட்டர் கொதிச்ச தண்ணி. 25, 26க்கு வந்துடும். கெட்டில்ல காய்ச்சி, வாளியில கலந்து, தெர்மாமீட்டர் வச்சுப் பார்த்துட்டுதான் ஊத்துவேன். கையை வச்சு மட்டும் நம்பவே மாட்டேன், குளிர்ல இருக்கிற கைக்கு 20 டிகிரித் தண்ணிகூட வெதுவெதுன்னு இருக்கும். கீசர் தண்ணி எடுக்கிறதில்ல. கீசர் உள்ள செம்பு இருந்தா இறாலுக்கு ஆகாது.

குளிர்த் தண்ணியில இன்னொரு சிக்கல், குழாய் அழுத்தத்துல காத்து நிறையக் கரைஞ்சிருக்கும். நேரா விட்டா கண்ணாடி, செடி, மீன் துடுப்பு எல்லாத்துலயும் சின்னச் சின்ன குமிழி ஒட்டும். மீனோட உடம்புக்குள்ளயும் குமிழி வந்தா ஆபத்து. வாளியில ஏர் ஸ்டோன் (காத்துக் குமிழி விடுற கல்) போட்டு கொஞ்ச நேரம் விட்டா அது வெளியேறிடும்.

ஹீட்டர் வச்சிருக்கிறவங்க தயவுசெஞ்சு கவனிங்க. தண்ணி எடுக்கிறதுக்குக் கால் மணி நேரம் முன்னாடியே ஸ்விட்சை அணைச்சு, ப்ளக்கையும் பிடுங்கிடுங்க. ஒரு தடவை மறந்துட்டேன். தண்ணி இறங்கி ஹீட்டர் வெளியில தெரிஞ்சுச்சு, அப்புறம் குளிர்த் தண்ணி பட்டதும் கண்ணாடி விரிஞ்சுடுச்சு. கை தொட்டிக்குள்ள இல்லாதது என் அதிர்ஷ்டம்.


கறுப்பு மோலி
மே 14, காலை 9:00

சென்னைக்காரங்களுக்கு ஒரு சந்தேகம். தொட்டியே 32க்குப் போயிடுச்சுன்னா? ஐஸ் போடலாமா? ஏசியிலேர்ந்து சொட்டுற தண்ணி ஜில்லுன்னு இருக்கே, அதை ஊத்தலாமா?


கொளத்தூர்_பழையவன்
மே 14, மதியம் 1:15

ஐஸை நேரா போடாதீங்க, ஒரு மூலை மட்டும் திடீர்னு ஜில்லாகும். பாட்டில்ல தண்ணி உறைய வச்சு மிதக்க விடுங்க. ஆனா எதிர்பார்ப்பைக் குறைச்சுக்கோங்க. 100 லிட்டரை ரெண்டு டிகிரி இறக்கணும்னா ரெண்டு கிலோ ஐஸ் முழுசா உருகணும். அரை லிட்டர் பாட்டில் ஒண்ணு போட்டுட்டு தெர்மாமீட்டரைப் பார்த்தா அசையவே அசையாது.

அதைவிட மூடியைத் திறந்துட்டு, தண்ணி மேற்பரப்புல சின்ன ஃபேன் காத்து படுற மாதிரி வைங்க. ஒரு லிட்டர் ஆவியானா ரெண்டு கிலோ ஐஸைவிட ரெண்டு மடங்குக்கு மேல சூட்டை எடுத்துக்கிட்டுப் போகும். சென்னைக் காத்துல ஈரம் ஜாஸ்தி, அதனால ரெண்டு டிகிரி இறங்கினாலே பெருசு. திருச்சி, மதுரைப் பக்கம் இன்னும் நல்லா இறங்கும். ஃபேன் வச்சா தண்ணி தினம் குறையும். உப்பு ஆவியாகாது, தொட்டியிலயே தங்கும். அந்தக் குறையை மட்டும் ஈடுகட்ட கேன் தண்ணி ஊத்தலாம், தப்பில்ல. ஆனா வாராவாரம் மாத்துறதை நிறுத்தக் கூடாது. தம்பிக்கு அங்கதான் இடறிடுச்சு.

ஏசி தண்ணி வேண்டாம். பார்க்கச் சுத்தமா இருக்கும், ஆனா செம்புச் சுருள் மேல வழிஞ்சு வர்றது. தூசியும் பாசியும் சேர்ந்திருக்கும். வீடு துடைக்க வச்சுக்கோங்க.

நல்ல முறை இதுதான். முந்தின ராத்திரியே ஒரு டிரம்ல தண்ணி பிடிச்சு, தொட்டி இருக்கிற அதே ரூம்ல வைங்க. காலையில ரெண்டும் ஒரே சூட்டுல இருக்கும். குளோரின் போட்டு வர்ற மெட்ரோ வாட்டரா (சென்னைக் குடிநீர் வாரியத் தண்ணி) இருந்தா குளோரினும் போயிடும். டிரம் வாயில பழைய வேட்டியைக் கட்டி வைங்க, கொசு முட்டை வச்சுட்டா டெங்குவை நாமளே வீட்ல வளர்த்த மாதிரி ஆயிடும்.


மாடித்தோட்டம்_மதுரை
மே 15, மாலை 6:40

நான் மீன்காரி இல்ல, தோட்டக்காரி. மீன் வளர்க்கிறது என் தம்பி. அவன் மாத்துற தண்ணியில ஒரு சொட்டு எங்க வீட்டுச் சாக்கடைக்குப் போறதில்ல.

பெரம்பூர்த் தம்பி, உங்க வீட்டுக்காரம்மா கேட்டது சரியான கேள்வி. வாரம் 20 லிட்டர்னா, மே மாசத்துல எட்டு, பத்து குரோ பேக்குக்கு ஒரு வேளைத் தண்ணி. கறிவேப்பிலை, மல்லிகை, வாழை, கத்தரி எல்லாத்துக்கும் ஊத்துறேன். ட்யூப் விட்டுக் கல்லைக் கிளறி எடுக்கிற அடிக்கசடு இருக்கு பாருங்க, அதை ரோஜாவுக்குத் தனியா எடுத்து வச்சுக்குவேன். வேரைச் சுத்தி ஊத்தணும், இலை மேல வேணாம். காலையில இல்ல சாயங்காலம் ஊத்துங்க.

போர் தண்ணியில டிடிஎஸ் (கரைஞ்சிருக்கிற உப்பு அளவு) கூடுதலா இருந்தா மண்ணு மேல வெள்ளையா பூத்து வரும். அப்ப மழைத் தண்ணியோ நல்ல தண்ணியோ அடியில வழியுற வரைக்கும் ஊத்தி ஒரு தடவ அலசி விட்டுருங்க.


ஆய்வுக்கூடம்_திருச்சி
மே 15, இரவு 8:00

ஒரு திருத்தம் மட்டும், கோபிக்காதீர்கள் அக்கா. மீன் தொட்டித் தண்ணீர் ஊற்றினால் உரமே வேண்டாம் என்று பலர் எழுதுகிறார்கள். நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராம் இருக்கும் தண்ணீர் 50 லிட்டரில் மொத்த நைட்ரஜன் அரை கிராம்கூட இல்லை. ஒரு கிராம் யூரியாவில் இருப்பது அவ்வளவுதான். அதை நம்பித் தொழு உரத்தை நிறுத்திவிடக் கூடாது.


மாடித்தோட்டம்_மதுரை
மே 15, இரவு 9:25

கோபம் எதுக்குங்க, கணக்கு நல்லாத்தான் இருக்கு. நானும் மண்புழு உரத்த நிறுத்தல. ஆனா ஒரே நாள்ல ஒரு கிராம் யூரியா போடுறதும், வாராவாரம் தண்ணியோட கொஞ்சம் கொஞ்சமா போறதும் ஒண்ணில்ல. குரோ பேக்ல ஊத்துற தண்ணியே சத்தை அடிச்சுக்கிட்டுப் போயிரும், அதனால அப்பப்ப கொஞ்சம் கிடைக்கிறது செடிக்குப் பிடிக்கும். கசடுல மணிச்சத்தும் மக்கும் பொருளும் இருக்கு, அது உங்க நைட்ரேட் கணக்குல வராது. எல்லாத்தையும் விட்ருங்க, வெறும் தண்ணின்னே வைங்க. மே மாசத்துல மதுரையில 20 லிட்டர் தண்ணிக்கு என்ன மதிப்புன்னு எங்க தெருவுல வந்து கேளுங்க.


ஆய்வுக்கூடம்_திருச்சி
மே 15, இரவு 9:40

ஒப்புக்கொள்கிறேன். கசடை நான் கணக்கில் எடுக்கவில்லை.


செவிலி_அக்கா
மே 16, காலை 6:30

ஆஸ்பத்திரியில வேலை பாக்குறவ, மீனும் வளர்க்கிறேன். மூணு விஷயத்தை யாரும் சொல்லலை.

பச்சையா சாப்பிடுற கொத்தமல்லி, புதினா, கீரை மேல இந்தத் தண்ணி படவே கூடாது. மீன் தொட்டியில சால்மோனெல்லா இருக்க வாய்ப்பு உண்டு. மதுரை அக்கா வேர்ல ஊத்தச் சொன்னது அதனாலயும் நல்லது.

மருந்து போட்ட தண்ணி, அதாவது மெத்திலீன் ப்ளூ, மாலகைட் கிரீன், செம்பு மருந்து எதுவா இருந்தாலும், சாப்பிடுற செடிக்கு வேண்டாம். கல் உப்புப் போட்டு வைத்தியம் பார்த்த தண்ணியும் அப்படித்தான். லிட்டருக்கு மூணு கிராம் உப்புன்னா செடி கருகும். கடல் மீன் தொட்டித் தண்ணி லிட்டருக்கு 35 கிராம், அதைச் செடிப் பக்கமே கொண்டு போகாதீங்க. இந்தத் தண்ணியெல்லாம் டாய்லெட்ல ஊத்தி ஃப்ளஷுக்குப் பதிலா பயன்படுத்துங்க.

ட்யூபை வாயால உறிஞ்சி தண்ணி இழுக்காதீங்க. கையில வெட்டுக்காயம் இருந்தா கையுறை போடுங்க. மைக்கோபாக்டீரியம் மேரினம்னு ஒரு கிருமி மீன் தொட்டியில இருக்கும், காயம் வழியா போய் விரல்ல கட்டி கட்டியா வரும், ஆறவே ஆறாது. மாசக்கணக்கா மாத்திரை சாப்பிடணும். எதுக்கும் சரியாகாத விரல் கட்டியோட ஒருத்தர் வந்தாரு, வீட்ல மீன் தொட்டி இருக்கான்னு டாக்டர் கேட்டப்புறம்தான் வழி தெரிஞ்சது.


கொளத்தூர்_பழையவன்
மே 16, மாலை 5:30

செவிலிப் பாப்பா சொன்னதை எல்லாரும் குறிச்சு வைங்க. நான் நாற்பது வயசு வரைக்கும் வாயாலதான் உறிஞ்சேன்.

எடுத்த தண்ணியில முதல் வேலை செடிக்கு ஊத்துறது இல்ல. முதல் வேலை ஃபில்டர் ஸ்பாஞ்சை அதுல பிழியறது. குழாய்த் தண்ணியில கழுவினா, அதுலயும் மெட்ரோ வாட்டர்ல கழுவினா, அதுல குடியிருக்கிற நல்ல கிருமி போயிடும். பழைய தண்ணியில பிழிஞ்சுட்டு, அந்தக் கலங்கலோடயே செடிக்குக் கொடுங்க.

2019 ஞாபகம் இருக்கா? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலேர்ந்து வில்லிவாக்கத்துக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணி ரயில்ல வந்த வருஷம். என் போர்ல காத்துதான் வந்துச்சு. அந்த நாலு மாசம் தொட்டித் தண்ணிய கீழ கொட்டினா பாவம்னு இருந்தேன். எடுத்த தண்ணியெல்லாம் வெயில்ல இருக்கிற சிமெண்ட் தொட்டியில விடுவேன். ஒரு வாரத்துல பச்சைத் தண்ணி ஆயிடும். அதுல மொய்னா (கண்ணுக்குத் தெரியுற அளவு சின்னத் தண்ணிப் பூச்சி) விட்டா பச்சையைத் தின்னு பெருகும், தண்ணி தெளியும். மொய்னா குஞ்சு மீனுக்குத் தீனி. தெளிஞ்ச தண்ணிய வலையில வடிகட்டி, கப்பித் தொட்டிக்கே பாதி புதுசு பாதி பழசுன்னு திரும்ப விட்டேன். நோய் வந்த தொட்டித் தண்ணிய மட்டும் அதுல சேர்க்கவே மாட்டேன். ஏஞ்சல், டிஸ்கஸ் மாதிரி மீனுக்கு இந்த முறைய நான் சொல்ல மாட்டேன். கப்பி, மோலி, கோல்டுஃபிஷ் தாங்கிச்சு.

ஒண்ணு கெஞ்சிக் கேட்டுக்கிறேன். ஏரியிலயோ கால்வாயிலயோ கொண்டு போய் ஊத்தாதீங்க. தண்ணியோட நத்தை முட்டை, மிதக்கிற செடி, சில நேரம் மீன் குஞ்சும் போயிடும். கண்ணாடியில ஒட்டிக்கிட்டுப் பாசி தின்னுற சக்கர் மீன் நம்ம ஏரி குளமெல்லாம் பரவிக் கிடக்கு. அது தொட்டியிலேர்ந்து போனதுதான். வலை போடுறவங்க படுற பாட்டைப் பார்த்தா மனசு கஷ்டமா இருக்கு.


பெரம்பூர்_தொட்டி
ஜூன் 22, காலை 8:15

ஆறு வாரம் ஆச்சு. எல்லாரும் சொன்னதைக் கேட்டு என்ன மாத்தினேன்னு எழுதணும்னு தோணுச்சு.

முதல் வாரம் தினம் 10 லிட்டர். பிஎச் 6.4லேர்ந்து மெல்ல ஏறி இப்ப 7.6ல நிக்குது, அம்மோனியா பூஜ்யம். அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை காலை ஆறு மணிக்கு 20 லிட்டர். சனிக்கிழமை ராத்திரி சம்ப்லேர்ந்து நேரா டிரம்ல பிடிச்சு, வேட்டி கட்டி, ஏர் ஸ்டோன் போட்டு வைக்கிறேன். ட்யூபை நேரா தொட்டியில விடுறதை விட்டுட்டேன், சின்ன மக்குல மொண்டு ஒரு தட்டு மேல விழுற மாதிரி ஊத்துறேன்.

எடுக்கிற தண்ணியில ஸ்பாஞ்சைப் பிழிஞ்சுட்டு, மனைவி வாங்கி வச்சிருக்கிற கறிவேப்பிலை, ரெண்டு மல்லிகை, ஒரு வாழைக்கு. மல்லிகைக்கு யார் ஊத்துறதுன்னு வீட்ல முறை வச்சிருக்கோம்.

ஏஞ்சல் இன்னும் வாங்கல. பொண்ணு இப்ப ரூமுக்கு வர்றா. வாளிக்கும் தொட்டிக்கும் அவதான் தெர்மாமீட்டர் பார்க்கிறா, ஒரு நோட்டு போட்டிருக்கா. இன்னைக்கு எழுதினது: வாளி 29, தொட்டி 29.5. அதுக்குக் கீழ, மோலி குட்டி போட்டிருக்கு, எண்ணினதுல 23.


கொளத்தூர்_பழையவன்
ஜூன் 22, காலை 8:50

ரொம்ப சந்தோஷம் தம்பி. குட்டியைத் தனியா ஒரு பெட்டியில விடுங்க, தாயே தின்னுடும். அப்புறம், அடுத்த ஞாயிறு தண்ணி எடுக்கும்போது ட்யூப் முனையில ஒரு துண்டு கொசுவலை கட்டிக்கோங்க. பக்கெட்டைக் கறிவேப்பிலைக்கு ஊத்துறதுக்கு முன்னாடி பாப்பாவை ஒரு தடவை எட்டிப் பார்க்கச் சொல்லுங்க.